வெறுங்காலில் ஒரு பெடல்

செகந்திராபாத் கிட்டார் கடையில், மடியில் கிட்டாரோடு பெடல்களைச் சோதித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, காலில் ஒன்றுமில்லை. ஷூவைக் கோயில் வாசலில் விடுவதுபோல் ஓரமாக விட்டிருந்தார். என் தோளில் குழந்தை தூங்க, கிட்டார் ஒலியை உறுமலாக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் எதை வாங்குவது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

“வீட்டுக்காரருக்கா, அக்கா?” என்று கேட்டார்.

“எனக்குத்தான். இவன் தூங்கறப்போ ஹெட்ஃபோன்ல வாசிப்பேன்.”

“அப்போ செருப்பக் கழட்டிட்டு மிதிங்க. வீட்ல யாரு ஷூ போட்டு வாசிக்கறா? நான் மேடையிலயே வெறுங்கால்தான்.”

இணையத்தில் எல்லோரும் புகழ்ந்த பெடலை மிதித்தேன். இரும்புப் பொத்தான் உள்ளங்காலில் குத்தியது. ‘டக்’கென்ற சத்தத்தில் குழந்தை நெளிந்தான்.

“இது நக்கோ, வேணாம்” என்று அகலமான ரப்பர் மிதி வைத்த ஒன்றை நகர்த்தினார். மிதித்தேன். அவர் மீட்டியது என் காதிலிருந்த ஹெட்ஃபோனில் உறுமியது, குழந்தை அசையவில்லை. உடனே வாங்கிவிட்டேன்.

மேடை ஏறும்போது அவர் ஷூவை எங்கே விடுவார் என்று கேட்டிருக்கலாம்.