அமிந்தாவுக்கு வாய்த்த ஜி.பி.எஸ்.

அமிந்தா ரோச்சாவுக்கு ஐம்பத்து நான்காவது வயதில் கார் ஓட்ட வந்துவிட்டது. ஓட்டத்தான் வந்தது, போய்ச் சேர வரவில்லை.

கியரைக் குறை சொல்ல முடியாது, பிரேக்கைக் குறை சொல்ல முடியாது. நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவின் ரவுண்டானாக்களில் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு மேலே ஏற வந்தாலும் அவள் அசரமாட்டாள். கண்ணாடியை இறக்கி, அவனைப் பெற்றவளை நாலு வார்த்தை நலம் விசாரித்துவிட்டுத்தான் வழிவிடுவாள். ஆனால் எந்த முக்கில் திரும்புவது என்று வந்துவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். முப்பது வருஷம் கணவர் ராமிரோவின் பக்கத்து சீட்டில் ஊரெல்லாம் சுற்றியவள், மடியில் இருந்த அண்டாவைப் பார்த்தாளே தவிர வழியைப் பார்க்கவில்லை. போன வருஷம் ராமிரோ மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது வழிகளையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.

அண்டாவில் இருப்பது நாக்காதாமால். மக்காச்சோள மாவு, பன்றிக்கறி, அரிசி, உருளைக்கிழங்கு, வாசனைக்கு ஒரு புதினா இலை, எல்லாவற்றையும் வாழை இலையில் பொட்டலம் கட்டி சனிக்கிழமை முழுக்க வேகவைப்பாள். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் அது சுடச்சுட வாடிக்கைக்காரர்களின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், ரொட்டியும் கடுங்காப்பியும் அங்கே காத்திருக்கும். எட்டைத் தாண்டினால் ஜனங்கள் பொறுக்கமாட்டார்கள், முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றிவிடுவார்கள்.

ராமிரோ போன பிறகு அவருடைய தம்பி எவெலியோ கொஞ்ச நாள் ஓட்டினார். முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மனாகுவாவில் அவருக்குத் தெரியாத சந்து இல்லை. தெரியாத ஆளும் இல்லை என்பதுதான் வினை. வீட்டுக்கு வீடு இறங்கி அரட்டை அடித்தார். பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் பொட்டலம் ஆறி ஜில்லிட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அமிந்தா, "நானே ஓட்டிக்கிறேன்" என்று லைசென்ஸ் எடுத்துவிட்டாள்.

முதல் ஞாயிறு தனியாகக் கிளம்பினாள். பதினாலு வீட்டில் ஐந்து வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். ஒன்பது குடும்பம் முட்டை சாப்பிட்டது. அதில் ஒருவர், தோன் ஹெரிபெர்த்தோ, போன் பண்ணி, "முட்டை ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, இனிமே எங்களுக்கு அதுவே போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று அமிந்தா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மானம் போனதற்கு அழுதாளா, ராமிரோவுக்கு அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் எவெலியோ தீர்ப்போடு வந்தார். காரின் பத்திரம் அவர் பேரில்தான் இருந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய வண்டி.

"அண்ணி, வண்டியை வித்துடலாம். மசாயாவுல ஒருத்தன் கேக்கறான். அடுத்த திங்கக்கெழம வந்து எடுத்துக்கறேங்கறான்."

"வித்துட்டு? அண்டாவைத் தலையில தூக்கிக்கிட்டு நடக்கவா?"

"டாக்ஸி இருக்கில்ல?"

"வர்ற காச டாக்ஸிக்காரனுக்குக் குடுத்துட்டா அப்புறம் அவன்தான் நாக்காதாமால் விக்கணும், நான் வீட்ல உக்காந்து வேடிக்கை பாக்கணும். இங்க பாருங்க கொழுந்தனாரே, வர்ற ஞாயித்துக்கெழம எட்டு மணிக்குள்ள பதினாலு வீடும் முடிச்சுக் காட்டறேன். ஒரு வீடு விட்டுப்போனாலும் சாவிய நானே குடுத்துடறேன். முடிச்சுட்டா பத்திரத்துல என் பேரை எழுதுங்க."

"சரி. நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். ஆனா வாயத் தெறக்க மாட்டேன். இவன் வழி சொல்லிடுவான்னு கனவு காணாதீங்க."

"நீங்க ரெண்டு மணி நேரம் வாயத் தெறக்காம உக்காந்தா, அதுவே மாதா பண்ணின அற்புதம்."

வாய்ச் சவடால் விட்டாகிவிட்டது. வண்டி போனால் வியாபாரம் போகும், வியாபாரம் போனால் கொழுந்தன் வீட்டுத் தண்டச் சோறுதான். புதன்கிழமை காலை நேராக ஊயெம்பெஸ் சந்தைக்குப் போனாள். செருப்புக் கடைகளைத் தாண்டி, யாதெர் என்பவனுடைய எலெக்ட்ரானிக்ஸ் கடை. நெற்றியில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாயில் தேன் ஒழுகப் பேசுகிற முப்பது வயசு ஆள்.

"வாங்க ராணி, உக்காருங்க ராணி. என்ன பாக்கறீங்க?"

"வழி சொல்ற பெட்டி. கார்ல ஒட்டறது."

யாதெர் ஏழு அங்குலத் திரை உள்ள ஒன்றை எடுத்து வைத்தான். பளபளவென்று அழகாக இருந்தது. அமிந்தா தட்டிப் பார்த்தாள். திரையில் கடலும் பாலமும் வந்தன.

"இது எந்த ஊரு?"

"ப்ளோரிடா, ராணி. நம்ம நாட்டு வரைபடம் இதுல இல்ல. ஆனா திரையப் பாருங்க, சினிமா மாதிரி!"

"மயாமியில நாக்காதாமால் விக்கப் போனா சொல்லி அனுப்பறேன். அடுத்ததை எடு."

அடுத்தது புத்தம் புதுசு. நிகராகுவா வரைபடம் உள்ளே இருந்தது. ஸ்பெயின் தேசத்துப் பெண் குரல், புது மாமியார் போல அதட்டிப் பேசியது. யாதெர், "விலாசம் சொல்லுங்க ராணி" என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டான்.

அமிந்தா கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் படித்தாள். "ஐஸ் கம்பெனி இருந்த எடத்துலேர்ந்து ரெண்டு பிளாக் ஏரிப் பக்கம், ஒரு பிளாக் மேல."

எங்கள் ஊர் விலாசம் அப்படித்தான். ஏரி இருக்கிற பக்கம் ஏரிப் பக்கம், சூரியன் வருகிற பக்கம் மேலே, போகிற பக்கம் கீழே. ஐஸ் கம்பெனி நிலநடுக்கத்தில் இடிந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது, அதனால் என்ன? இடிந்த கட்டிடம் இடம் மாறாது.

"தெரு பேரு இல்லையா ராணி?"

"உங்க தெருவுக்குப் பேர் இருக்கா?"

யாதெர் தலையைச் சொறிந்தான். இல்லை. காகிதத்தில் அடுத்த விலாசம், சான் பிளாஸ் மருந்துக் கடையிலிருந்து ஒன்றரை பிளாக் ஏரிப் பக்கம். அதைத் தட்டியதும் பெட்டி, 'கிடைத்தது' என்றது. அமிந்தாவுக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் பெட்டி சொன்னதை அப்படியே நம்புகிற ரகமில்லை அவள். "வண்டியில ஏறு. போய்ப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்" என்றாள். பக்கத்துக் கடைக்காரரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு யாதெரும் ஏறிக்கொண்டான்.

ஸ்பெயின் மாமியார் இடது, வலது என்று அதட்டி அதட்டி அவர்களை மருந்துக் கடை வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். அமிந்தா அங்கிருந்து ஒன்றரை பிளாக் ஏரிப் பக்கம் எண்ணி ஓட்டினாள். வந்தது ஒரு டயர் பஞ்சர் கடை.

"இங்க தோன்யா ஓர்த்தென்சியா வீடு எங்கப்பா?"

பஞ்சர்காரர் சிரித்தார். "மருந்துக் கடையிலேர்ந்து எண்ணிக்கிட்டு வந்தீங்களா? இது புதுக் கடைங்க. ஒம்பது வருஷம் முன்னாடி இங்க மாத்திட்டாங்க. ஜனங்க சொல்ற சான் பிளாஸ், அது முன்னால இருந்த எடம். இப்ப அங்க செல்போன் விக்கறாங்க."

"பெட்டிக்குத் தெரியலயே!" என்றாள் அமிந்தா.

"பெட்டி சரியாத்தான் சொல்லுது ராணி, ஊருதான் தப்பாச் சொல்லுது" என்றான் யாதெர்.

"ஊரு தப்பாச் சொல்லாது, மூதேவி! ஊரு சொல்றதுதான் விலாசம்."

கடைக்குத் திரும்பும்போது அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. மசாயாக்காரன் வண்டியை எடுத்துக்கொண்டு போவது கண் முன்னால் தெரிந்தது. யாதெருக்கும் சங்கடமாகிவிட்டது போல. கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு ஒன்றை எடுத்தான். சின்னத் திரை, மூலையில் கீறல், கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் காய்ந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

"இது பழசு. ஒருத்தர் வேன்ல கடை கடையா சோடா போட்டுக்கிட்டிருந்தார். கோஸ்டா ரிக்காவுக்கு வேலைக்குப் போறேன்னு வித்துட்டுப் போயிட்டார். உள்ள அவர் பதிஞ்சு வெச்ச குப்பையெல்லாம் கெடக்கு. அழிச்சுட்டுத் தரேன், விலை கொறச்சுப் போட்டுக்கலாம்."

"என்ன குப்பை?"

அவன் பட்டியலைத் திறந்து காட்டினான். அமிந்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஐஸ் கம்பெனி இருந்த இடம். எரிஞ்ச தியேட்டர். மஞ்சத் தண்ணித் தொட்டி, இப்ப பச்சை. சான் பிளாஸ் பழசு. கடிக்கிற நாய். கடிக்காத நாய், ஆனா பின்னாடியே வரும். பேச ஆரம்பிச்சா விடமாட்டா, இன்ஜினை அணைக்காதே. இப்படி நானூற்றுப் பதினெட்டு இடங்கள்.

"சரி ராணி, அழிச்சுடட்டுமா?" யாதெரின் விரல் திரையை நெருங்கியது.

"கைய எடுடா!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. செருப்புக் கடைக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். அமிந்தா பெட்டியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"புதுசு ஏழு அங்குலம் இருக்கே ராணி..."

"அதுக்கு ஸ்பெயினும் ப்ளோரிடாவும் தெரியும். இதுக்குத்தான் மனாகுவா தெரியும். அந்த மனுஷன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காகிதத்தையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினாள். பதின்மூன்று வீட்டுக்கும் அடையாளம் கிடைத்தது. ஹெரிபெர்த்தோ விலகியதால் பதின்மூன்றுதான் என்று இருந்தவளுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு புது ஆர்டர் போனில் வந்தது. மர மில் இருந்த இடத்திலிருந்து ஒரு பிளாக் கீழே, அரை பிளாக் ஏரிப் பக்கம், கறுப்புக் கதவு. பெட்டியில் மர மில் இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினாலு என்று சொன்னது சொன்னதுதான்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். எவெலியோ கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, முன் சீட்டில் கல்யாணம் பிடிக்காத மாமா போல உட்கார்ந்திருந்தார். முதல் வீடு, இரண்டாம் வீடு, மளமளவென்று முடிந்தன. 'கடிக்கிற நாய்' என்று பெட்டி எச்சரித்த இடத்தில் அமிந்தா இறங்காமல் ஜன்னல் வழியாகவே பொட்டலத்தை நீட்டினாள். நாய் டயரைக் கடித்துவிட்டுப் போயிற்று. ஏழாவது வீட்டில் எவெலியோவின் புருவம் உயர்ந்தது. பத்தாவது வீட்டுக்கு, அவருக்கே எப்போதாவதுதான் நினைவுக்கு வருகிற ஒரு குறுக்குச் சந்து வழியாக அவள் நுழைந்தபோது, பஸ்காரர் வாய்விட்டு, "ஹா!" என்றார்.

"வாயத் தெறந்துட்டீங்க."

அவர் இருமுவது போல நடித்தார்.

ஏழே முக்காலுக்குப் பதின்மூன்றும் முடிந்தது. அண்டாவில் மிச்சம் நாலே பொட்டலம். இனி மர மில். அமிந்தா ஒரு முக்கில் வண்டியை நிறுத்தி, ரப்பர் குழாயால் வாசலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டாள். எங்கள் ஊரில் வழி கேட்டால் தெரியாது என்று சொல்லமாட்டார்கள், அது மரியாதைக் குறைவு. கையையும் நீட்டமாட்டார்கள். அவர் உதட்டை முத்தம் கொடுக்கப்போகிற மாதிரி குவித்து இடது பக்கம் நீட்டினார். அமிந்தா இடது பக்கம் போனாள். முட்டுச் சந்து. ஒரு சுவரும் இரண்டு கோழியும் இருந்தன.

மணி ஏழு ஐம்பது. "இந்த ஒரு வீடு, இந்த ஒரே ஒரு வீடு" என்று தனக்குள் முனகினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. எவெலியோவை அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த மில்லில்தான் அவர் பதினெட்டு வயதில் மரம் ஏற்றி இறக்கினார், கண்ணை மூடிக்கொண்டு போவார், ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து நாலு முக்கு ரோட்டுக்கு வந்தாள். எந்தப் பக்கம்? தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள்.

எவெலியோ கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடிதான் இருந்தார். உதடு மட்டும் குவிந்து, நன்றாக நீண்டு, வலது பக்கம் பார்த்தது.

அமிந்தா வலது பக்கம் திருப்பினாள். அடுத்த முக்கில் உதடு ஏரிப் பக்கம் போனது, அவளும் போனாள். ஏழு ஐம்பத்தாறுக்குக் கறுப்புக் கதவு வந்தது. தூக்கக் கலக்கத்தில் வந்த பெண் பொட்டலத்தை வாங்கி மூக்குக்கு அருகில் வைத்து, "அப்பாடி, சுடுதே!" என்றாள்.

வண்டிக்குத் திரும்பிய அமிந்தா சாவியை உருவி எவெலியோ முன்னால் நீட்டினாள். "நான் தோத்துட்டேன். கடைசி வீட்ட நீங்கதான் காட்டினீங்க."

"நான் வாயத் தெறந்தேனா?"

"எவெலியோ..."

"தெறந்தேனா இல்லையா, அதச் சொல்லுங்க அண்ணி." அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "வண்டிய விக்கச் சொன்னது முட்டைக்காக இல்ல. அண்ணன் ஒரு நாள் காலைல இதே வண்டியில தனியாப் போனான், திரும்பி வரல. போன ஞாயித்துக்கெழம பத்து மணியாகியும் நீங்க வரல. நான் வாசல்லயே நின்னேன். கால் ஓஞ்சுபோச்சு. இன்னொரு தடவ என்னால அப்படி நிக்க முடியாது, அவ்வளவுதான்."

அமிந்தா அவர் தோளில் கை வைத்தாள்.

எவெலியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மசாயாக்காரனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வராதப்பா. வண்டி விக்கறதுக்கில்ல... இல்லப்பா, விலை எல்லாம் பிரச்சினை இல்ல. எங்க அண்ணிக்கு ஞாயித்துக்கெழமையில வண்டி வேணும்."