மில்லுக்காரர் பேரும் என் சிவப்பு விளக்குகளும்

போன வாரம் சொந்த ஊரான உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே கண் கூசியது. எதிரே பெரிய எல்.ஈ.டி. திரை. யாருக்கோ பிறந்த நாள். சுருக்கமே இல்லாத ஒரு முகம், கீழே பேர், அதற்கும் கீழே வாழ்த்துகிறவர்கள் பேர், எல்லாம் பட்டப்பகலில் வெயிலோடு போட்டி போட்டுக்கொண்டு எரிகின்றன. டீக்கடையில் நின்ற ஒருவர்கூடத் தலை தூக்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். எல்.ஈ.டி.யில் பேர் போட்ட அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மெட்ராசில் ஒரு டி.வி. கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அண்ணன் விடவில்லை. அவன் மைக் செட்டும் விழா அலங்கார விளக்கான சீரியல் செட்டும் வாடகைக்கு விடும் கடைக்காரன். ஈயம் உருகும் வாசனை வந்தால் இன்றும் அந்தக் கடைதான் ஞாபகம் வரும். ஊர்க் காதெல்லாம் கிழியப் பாட்டுப் போடுகிறவனுக்குத் தங்கை பேசுவது மட்டும் சத்தமாகப் படும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நேரத்தில் ஒருவழியாக இறங்கி வந்தான்.

"ஏதோ லைட்டு போர்டுன்னு சொல்லிக்கினு கீறியே, அத்த கோயில்ல ஓட்டிக் காட்டு. ஊரு மெச்சுனா மெட்ராஸ் போ. இல்லன்னா பேசாம கல்யாணத்துக்கு ஒத்துக்கோ."

கதவு அளவு பிளைவுட்டில் ஓட்டை போட்டு, வரிசையாகச் சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகளைச் செருகினேன். பின்னால் இரவல் வாங்கிய மைக்ரோபிராசசர் ஒன்று. சீரியல் செட்டில் மயில் தோகையை விரிக்கும், மடக்கும், மறுபடி விரிக்கும். என் போர்டு அப்படியில்லை. ஒவ்வொரு விளக்கும் அக்கம்பக்கம் பார்த்துத்தான் வாழும். எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் இரண்டோ மூன்றோ எரிந்தால் பிழைக்கும். துணை குறைந்தாலும் அணையும், நெருக்கடி கூடினாலும் அணையும். அணைந்த விளக்கைச் சுற்றிச் சரியாக மூன்று எரிந்தால் அது புதிதாகப் பிறக்கும். அவ்வளவுதான் சட்டம். ஒரு கோலத்தைப் போட்டு விட்டுவிட்டால் அது தானாகப் பூக்கும், நகரும், உடையும். எங்கள் தெருவிலும் ஏறக்குறைய இதே சட்டம்தான் என்பதால் எழுதச் சுலபமாக இருந்தது. கரன்ட் போனால் போர்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். கரன்ட் போகாத நாளும் கிடையாது. மறுபடி முதலிலிருந்து புரோகிராமைத் தட்டுவேன்.

விழாவுக்கு உபயம் ரைஸ் மில்லுக்காரர். பக்கத்து நிலங்களை ஒவ்வொன்றாக வளைத்து, பக்கத்து வீடு என்று ஒன்றே இல்லாமல் வாழ்ந்தவர். கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதில் பேர் எழுதுவார். விழாவன்று போர்டைப் பார்க்க வந்தார். நான் பூக்கோலம் ஒன்றைப் பழக்கி வைத்திருந்தேன். பூ வேண்டாம், என் பேரைப் போடு என்றார். பேரானாலும் இந்தச் சட்டப்படிதான் நடக்கும், நிற்குமா என்று தெரியாது என்றேன்.

"இந்த ஊர்ல என் பேர எவன் பாப்பா அணைப்பான்?"

அண்ணன் கண்ணைக் காட்டினான். போட்டேன்.

விளக்கு வைக்கும் நேரம். கோயில் வாசலுக்கு மேலே போர்டு, கீழே கூழ்ச் சொம்பும் கையுமாகக் கூட்டம். பேர் பளிச்சென்று வந்தது, மில்லுக்காரர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு சட்டம் ஓட ஆரம்பித்தது. நெருக்கமான நடு எழுத்து முதலில் போனது. ஓரத்து எழுத்துகள் புழுவாக நெளிந்து ஒன்றையொன்று தின்றன. கடைசியில் மூலையில் நாலே நாலு விளக்கு, சதுரமாக, அசையாமல் நின்றன. அவருக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள், நிதானமாகச் சொன்னாள்.

"நாலு மட்டும் மிச்சம் வெச்சிக்கீது. தூக்கறதுக்கு ஆளு வோணுமே."

கூட்டம் சிரித்தது. அந்த ஊரில் அதுவரை அவர் முகத்துக்கு எதிரே யாரும் சிரித்ததில்லை. அபசகுனம் என்று கத்தி ஒயரைப் பிடுங்கச் சொன்னார். அண்ணன் பிடுங்கினான். ராத்திரியோடு ராத்திரியாக அதே இடத்தில் சீரியல் செட் மயில் தோகை விரித்தது, நடுவில் அவர் பேர் ஆடாமல் எரிந்தது.

அன்றைக்கு நான் அழுத அழுகை கல்யாணத்தை நினைத்துத்தான், மில்லுக்காரரை நினைத்தல்ல. விடிந்ததும் அண்ணன் என் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தான்.

"நீ இங்க இருந்தா ஒருத்தனும் நம்மகிட்ட லைட்டு போட மாட்டான். மெட்ராசுக்கே போய்ச் சேரு."

பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, மில்லுக்காரர் மூஞ்சியைப் பார்த்தாயா என்று கேட்டான். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் சிரித்தான்.

மில் இப்போது கல்யாண மண்டபம். அண்ணனும் இல்லை. திரையில் இருந்தது மில்லுக்காரரின் பேரன் என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் நின்ற நேரமெல்லாம் அந்தப் பேர் அணையவேயில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற விளக்குகள் இல்லை அவை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துச் சிரித்த அந்தக் கூட்டத்தை மட்டும் நான் தேடினேன். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.