பெரிய கமராவுக்கு ஒரு முதுகுப் பை

சனிக்கிழமை, காலை எட்டு மணி. கடுகண்ணாவை பஸ் தரிப்பிடத்தில் வெறுங்கையோடு நின்றேன். கண்டிக்குப் பத்து மைல், டிக்கெட் ஐம்பது சதம். கமராவை வீட்டில் வைத்துவிட்டு அதன் அளவை மட்டும் சட்டைப் பையில் எடுத்துப்போனேன். அளவு என்றால் தாளில் எழுதியது அல்ல. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; அங்குலக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு சணல் நூலில் கமராவின் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று மூன்று முடிச்சுப் போட்டிருந்தேன்.

கடுகண்ணாவையில் எனக்கு ஒரு சின்னப் படம்பிடிக்கும் அறை இருக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு சிறிய கமராவும், கூட்டப் படத்துக்கு மரத்தால் செய்த பெரிய கமராவும் வைத்திருக்கிறேன். பெரியதில் ரோல் பிலிம் கிடையாது. ஒரு படத்துக்கு உள்ளங்கையை விடப் பெரிய ஒரு தாள் பிலிம். அதை மரச்சட்டத்தில் அடைத்துக் கமராவின் முதுகில் செருக வேண்டும். கமரா, வில்லை, சட்டங்கள், முக்காலி எல்லாம் சேர்த்தால் இருபத்தெட்டு ராத்தல். முன்பெல்லாம் தகரப் பெட்டியில் வைத்து வலது கையில் தூக்கிப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் ரயில் படியில் சறுக்கியபோது பெட்டியைக் காப்பாற்றினேன், தோள்மூட்டு விலகிவிட்டது. இனி அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படியிருக்கத்தான் செல்லையா வந்தார். கண்டி மாநகரசபையில் வேலை செய்பவர், வயது முப்பது இருக்கும். தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி அவருடைய தாய்க்கும் தம்பி குடும்பத்துக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. செல்லையாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. வருகிற புதன்கிழமை அவர்கள் கப்பலுக்குப் போக ரயிலேறுகிறார்கள், இவர் இங்கேயே நிற்கிறார். போவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும். பத்தொன்பது பேர்.

“சின்ன கமராவுல எடுத்து பெருசாக்கினா மொகம் கரஞ்சு போகுதுண்ணே. எங்கம்மாவுக்கு கண்ணு மங்கல். அவங்க பாத்தா நான்னு தெரியணும்” என்றார்.

அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டம் கலஹாச் சந்தியிலிருந்து மூன்று மைல் ஏற்றம். லொறி போகாத பாதை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இல்லை என்று சொல்ல வராது. அதனால்தான் பை வாங்கப் போனேன்.

காலை ஒன்பது மணி. கண்டியில் கொட்டுகொடெல்ல வீதிப் பக்கம் பை தைத்து விற்கிற கடைகள் சில உண்டு. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். கடைகளில் கன்வசும் தோலும்தான் தொங்கின. இரண்டு கடை வாசலில் நின்றுவிட்டு உள்ளே போகாமலே திரும்பினேன். மூன்றாவது கடைக்காரர் என்னை விடவில்லை. அவர் என் வயதுக்காரர், தொப்பி போட்ட முஸ்லிம் வியாபாரி; அவர்களை ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம்.

“வாங்க தம்பி. மூணு தரம் இந்தப் பக்கம் போய்ட்டீங்க. உள்ளுக்கு வந்தா கடிக்க மாட்டேன்.”

உள்ளே போனேன். வளைந்த மூடி உள்ள தோல் பை ஒன்று கண்ணில் பட்டது. ஒற்றைப் பட்டி, பித்தளைக் கொக்கி, நாற்பத்தைந்து ரூபாய். பெட்டி மாதிரி உறுதியாக இருந்தது. நூலை வெளியே எடுக்க வெட்கமாக இருந்ததால் விரலால் சாண் பிடித்துப் பார்த்தேன்.

“என்னத்த போடப் போறீங்க இதுல?”

“கமரா. இருபத்தெட்டு ராத்தல் வரும், நானா.”

அவர் பக்கத்துப் பலசரக்குக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்து தராசில் வைக்கிற ஏழு ராத்தல் படிக்கல் நான்கை இரவல் வாங்கினார். நான்கையும் பைக்குள் இறக்கி என் தோளில் மாட்டினார். “இந்தா இந்த ஏத்தத்துல போய் மேல கொடிக்கம்பத்த தொட்டுட்டு வாங்க. சும்மா மாட்டிப் பாத்தா ஒண்டும் வெளங்காது. நம்மகிட்ட வாங்கிறவங்க எல்லாரும் நடந்து பாத்துதான் வாங்கிறது.”

சனிக்கிழமைச் சனம் நிறைந்த வீதியில், இரும்புக் கல்லைச் சுமந்துகொண்டு ஏறினேன். பலசரக்குக் கடைக்காரர் பின்னாலிருந்து, “கல்லோட அப்படியே மாத்தளைக்கு போய்டாதீங்க” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். தரையைப் பார்த்தபடி நடந்தேன். ஐம்பது அடி போவதற்குள் ஒற்றைப் பட்டி கெட்ட தோளைக் கீழே இழுத்தது. திரும்பி வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தே தோல் பையைக் கழற்றிவிட்டார்.

பிறகு தந்தது பச்சைக் கன்வஸ் முதுகுப் பை. நான்கு விரல் அகலப் பட்டிகள் இரண்டு, இடுப்பில் கட்ட ஒரு வார், முக்காலிக்கு வெளியே இரண்டு வளையம். இருபத்தேழு ரூபாய். அதே கல்லோடு கொடிக்கம்பம் வரை போய் வந்தேன். பாரம் தோளில் இல்லை, இடுப்பில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு தரம் ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பேன்.

“விலை கூடினத விக்கத்தான் எனக்கும் ஆசை” என்றார். “ஆனா அத மாட்டிக்கிட்டு நீங்க நாளைக்கு என்னைத்தான் ஏசுவீங்க.”

சந்தோஷமாக வீடு திரும்பினேன். ஒன்றை மட்டும் நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. படிக்கல் பையின் அடியில் உருண்டு கிடக்கும். கமராவுக்கு மூலைகள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. பையோடு பஸ் ஏறியபோது கொண்டக்டர், “மாத்தயா, அது உள்ள ஆள் இருக்கா? இருந்தா ரெண்டு டிக்கெட்” என்றார். மடியில் வைத்துக்கொண்டேன். கண்டியில் செல்லையா காத்திருந்தார். பத்து மணிக்குக் கலஹா பஸ். பேராதனையில் பல்கலைக்கழக மரங்களைக் கடந்து, ஹிந்தகலவுக்குப் பிறகு பாதை வளைந்து வளைந்து ஏறியது. இடது பக்கம் தேயிலை, வலது பக்கம் பள்ளம். பதினொன்றேகாலுக்குச் சந்தியில் இறங்கினோம்.

முதல் மைல் சுகமாக இருந்தது. இரண்டாவது மைலில் கமராவின் மூலை முதுகுத்தண்டில் இடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு இடி. செல்லையா பார்த்துவிட்டார்.

“குடுங்கண்ணே, நான் தூக்கிட்டு வாறேன்.”

“வேண்டாம். உள்ளே கண்ணாடி இருக்கு.”

ஒரு பாறையில் பையை இறக்கி, கமராவின் பின்கண்ணாடியில் உருவம் விழுவதைத் தலையோடு மூடிக்கொண்டு பார்க்கிற கறுப்புத் துணியை எடுத்தேன். அதை எட்டாக மடித்துக் கமராவுக்கும் முதுகுக்கும் நடுவில் செருகினேன். இடி நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்து அன்றைக்குத்தான் இவ்வளவு பெரிய பிழை செய்தேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பகல் ஒன்றரை மணி. லயம் என்கிற வரிசை வீடுகளின் முற்றத்தில் உட்கார வாங்கு, கதிரை, கவிழ்த்த பெட்டி எல்லாம் மூன்று வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். செல்லையாவின் தாய் ராக்கம்மா முன்னால் வந்தார். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர், ஒல்லியான ஆள், குரல் மட்டும் பெரியது.

“வாங்க போட்டோக்காரரே. கொழுந்துக் கூடையவிட பெருசா கட்டிக்கிட்டு வர்றீங்க. எத்தன ராத்தல்?”

“இருபத்தெட்டு.”

“இம்புட்டுத்தானா? அதுக்கா இந்த மூச்சு? நான் நாப்பதோட எறங்குவேன், வெத்தலையும் போட்டுக்கிட்டு.”

தேநீர் தந்தார்கள். வீட்டுக்குள்ளே பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. சுவரில் படம் தொங்கிய இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. மருமகள் பிள்ளைகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் கண்டி முழுக்கத் தேடியும் எனக்கு இரண்டு தாள் பிலிம்தான் கிடைத்திருந்தது. இரண்டரை மணிக்கு, வெயிலில் சுட்ட கண்ணாடியில் எல்லோரும் தெளிவாகத் தெரிய, முதல் தாளை எடுத்தேன். வில்லை மூடியைக் கழற்றி இரண்டு எண்ணுவதற்குள் முன் வரிசைப் பிள்ளை ஒன்று கோழியைப் பிடிக்க எழுந்து ஓடியது. அந்தத் தாள் வீணாயிற்று.

மிஞ்சியது ஒரு தாள். மேலே மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எல்லோரையும் திரும்ப உட்கார வைத்துவிட்டுத் துணிக்குள் தலையை விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. துணி முழுக்க என் முதுகு வியர்வை. பனியில் குளிர்ந்துவிட்ட கண்ணாடியில் அந்த ஈரம் ஆவியாகப் படிந்து, பத்தொன்பது பேரும் வெள்ளைப் புகையாக இருந்தார்கள். துடைத்தேன். மறுபடி படிந்தது. துணியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்த உருவத்தை அழித்தது. முகம் சரியாக விழுகிறதா என்று பார்க்காமல் கடைசித் தாளை எடுக்க எனக்குத் துணிவில்லை. பனி மேல் லயத்தைத் தொட்டுவிட்டது.

செல்லையா பக்கத்தில் வந்தார். “என்னண்ணே?”

துணியை நீட்டினேன். அவர் தொட்டுவிட்டு, இறங்கி வருகிற பனியைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“என்னடா அங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு?” என்று ராக்கம்மா எழுந்து வந்தார். துணியைப் பிடித்துப் பார்த்தார். “ஐயையோ, முதுகுக்கு கொடுத்துட்டீங்களா இத?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தன் கம்பளியை எடுத்து வந்தார். மழையிலும் பனியிலும் தலையோடு போர்த்துக்கொண்டு கொழுந்து பறிக்கிற கறுப்புக் கம்பளி. “இதுக்குள்ள மழையே வராது. வெளிச்சம் வருமா?”

கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதற்குள் போனேன். நல்ல இருட்டு. கொழுந்து வாசமும் அடுப்புப் புகையும் அடித்தது. கண்ணாடியில் தலைகீழாக எல்லோரும் வந்தார்கள். செல்லையா, அவருக்குப் பக்கத்தில் வெறுந்தலையோடு தாய், தம்பி, மருமகள், பிள்ளைகள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மூக்குத்தி வரை தெரிந்தது.

வெளியே வந்து சட்டத்தைச் செருகினேன். “அசையாம இருங்க” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் அவ்வளவுதான்.

“மூச்சு விட்டா முதுகுல போடுவேன்!” என்று ராக்கம்மா முன்னால் பார்த்தபடியே கத்தினார். பதினெட்டுப் பேரும் கல்லானார்கள். மூடியைக் கழற்றி நான்கு எண்ணினேன்.

இறங்கும்போது கம்பளியை மடித்து அவரே என் பையில் கமராவுக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்தார். “புதன்கிழம கண்டி ஸ்டேஷன்ல படத்தோட குடுங்க” என்றார். கமரா என் முதுகில் இருக்கிறதே தெரியாமல் மூன்று மைல் நடந்தேன்.

புதன்கிழமை. திங்களும் செவ்வாயும் அடைமழை. தாய்க்கு ஒன்று, செல்லையாவுக்கு ஒன்று என்று அச்சிட்ட படங்கள் காயவில்லை. மத்தியானம்தான் இரண்டும் காய்ந்தன. இனிக் கண்டிக்குப் போய்ச் சேர முடியாது. ஆனால் கண்டியிலிருந்து போகிற ரயில் எங்கள் ஊரில் மூன்று நிமிடம் நிற்கும். ஒரு படத்தை அட்டையில் வைத்து, கம்பளியையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

நான்கரை மணிக்கு ரயில் வந்தது. யன்னல் எல்லாம் முகங்கள், மூட்டைகள், கட்டிப் பிடித்திருக்கும் கைகள். பலர் அழுது முடித்திருந்தார்கள். முதல் பெட்டியிலிருந்து ஓடினேன். எல்லாப் பெண்களும் ராக்கம்மாவாகத் தெரிந்தார்கள். நாலாவது பெட்டிக்கு வந்தபோது கார்ட் விசிலை வாயில் வைப்பதைக் கண்டேன். அப்போதுதான் நின்று கத்தினேன்.

“கலஹா ராக்கம்மா! கலஹா ராக்கம்மா!”

என் சத்தத்தை நானே அப்படிக் கேட்டதில்லை. யன்னலில் இருந்தவர்கள் அந்தப் பெயரை வாங்கிப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். கடைசிக்கு முந்திய பெட்டியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

“இங்க! போட்டோக்காரரே, இங்க!”

படத்தைக் கொடுத்தேன். கொழுந்து பறிக்காத ஊரில் இது எதற்கு என்று கம்பளியைக் கொடுக்கத் தயங்கினேன். பக்கத்தில் இருந்த இளைய மகன், “அங்க எல்லாம் வெயில்மா. அது எதுக்கு? அவருக்கே குடுத்துடு” என்றான்.

“நீ சும்மா இரு” என்று சொல்லிக் கம்பளியை யன்னல் வழியாக இழுத்துக்கொண்டார்.

ரயில் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். ராக்கம்மா அட்டையைப் பிரித்தார். கண்ணுக்கு மிகக் கிட்டத்தில் கொண்டுபோனார். சுற்றிலும் எட்டிப் பார்த்த தலைகளை முழங்கையால் தள்ளினார். பிறகு கம்பளியை விரித்துத் தன்னையும் படத்தையும் சேர்த்து மூடிக்கொண்டார், யன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விட்டு.

எங்கள் ஊரில் ரயில் வளைந்துதான் இறங்கும். கடைசிப் பெட்டிகள் வளைவில் திரும்புகிறபோது யன்னல்கள் மறுபடி நன்றாகத் தெரியும். மற்ற யன்னல்களில் எல்லோரும் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு யன்னலில் கம்பளி இன்னும் விலகவில்லை.