பதினாறாவது செல்

என் தொழிலில் நான் பெரிய வாய்க்காரன். கூரையில் சோலார் போட்டவர்கள் வீட்டுக்குப் போனால் பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, மொத்த வோல்ட்ட பாத்து ஏமாறாதீங்க, ஒவ்வொரு செல்லா பாக்கணும்லா" என்று வகுப்பே எடுப்பேன். சாலாக் செலாத்தானில் ஒரு கடைக்காரர், வேறொருவன் செய்த வேலையை நான் திட்டிய திட்டைக் கேட்டு, அந்த ஆளை அதற்குப் பிறகு கடைப்பக்கமே சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட நான்தான் என் அக்காவைச் சாகவிட்டேன். எழுதுவதே இதுதான் முதல் தடவை. வாயால் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவும் அத்தானும் கிள்ளானில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அத்தான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம். மூக்கில் குழாயோடுதான் சமைப்பாள், குழாயோடுதான் என்னை ஏசுவாள். மெஷினுக்கு கரண்ட் வேண்டும். அவர்கள் வீட்டுப் பக்கம் பெருமழை வந்தால் கரண்ட் போவது வழக்கம். அதனால் கூரையில் சோலார் பலகை போட்டு, பதினாறு செல்களை வரிசையாக இணைத்து ஒரு பேட்டரி செய்து கொடுத்தேன். வெயிலே இல்லாவிட்டாலும் பத்து மணி நேரம் தாங்கும்.

அந்தச் செல்கள் பல வேலைகளில் மிஞ்சியவை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? காசு கொடுப்பவர்களுக்குப் புதுச் சரக்கும் முழு நாளும். சொந்தக்காரர்களுக்கு மிச்சச் சரக்கும் ஞாயிற்றுக்கிழமை மிச்ச நேரமும். எங்கள் தொழிலில் எல்லாருமே அப்படித்தான். அக்காவும் அதைக் குறையாக நினைக்கவில்லை. தம்பி கையால் செய்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள்.

அத்தானுக்குக் கருவி என்றாலே பயம். அவருக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லிக் கொடுத்தேன். "அத்தான், இந்தத் திரையில ஐம்பத்திரண்டுக்கு மேல இருந்தா ஒன்னும் பயம் இல்ல. அதுக்குக் கீழ போனா எனக்கு போன் போடுங்க." ஊருக்கெல்லாம் மொத்தத்தை நம்பாதே என்று சொல்கிறவன் அவருக்கு மொத்தத்தை மட்டும் காட்டினேன். அவருக்கு அது போதும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சில் பூசை முடிந்து அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, ஒரு செல் வயிறு ஊதிக் கிடந்ததைப் பார்த்தேன். கழற்றிவிட்டு, பூச்சோங்கில் உள்ள என் ஸ்டோரில் கிடந்த வேறொரு செல்லைக் கொண்டுவந்து மாட்டினேன். முறைப்படி அப்படி மாட்டக்கூடாது. பதினாறையும் பிரித்து, பக்கம் பக்கமாக இணைத்து, எல்லாம் ஒரே மட்டத்துக்கு நிறையும்வரை ஒன்றிரண்டு நாள் சார்ஜில் விட வேண்டும். பிறகுதான் வரிசையில் கோர்க்க வேண்டும். வரிசையில் இருக்கும் செல்கள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி. ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழுந்தாக வேண்டும். முதலில் ஒரு செல் நிறைந்தால், பேட்டரியைக் காக்கும் போர்டு எல்லாவற்றுக்கும் சார்ஜை நிறுத்திவிடும். முதலில் காலியான செல் மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும்.

ஒன்றிரண்டு நாள் பேட்டரி இல்லாமல் அக்காவை விடப் பயந்தேன். மழைக்காலம் வேறு. அது உண்மைதான். ஆனால் அடுத்த நாள் காலையில் எனக்குப் பெரிய வேலை ஒன்று இருந்தது என்பதும், கோழிப் பிரட்டல் மேசைக்கு வந்துவிட்டது என்பதும் உண்மைதான். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பதினாறும் ஒரே அளவைக் காட்டின. அந்த வகைச் செல்கள் பாதி சார்ஜில் எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும். வித்தியாசம் நிறையும்போதோ தீரும்போதோதான் தெரியும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அடுத்த வாரம் வந்து சரியாகச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். சாப்பிட்டேன், வந்தேன். அக்கா ஒருமுறை கேட்டாள். "என்னமோ மாத்தணும்னு சொன்னியே, மாத்திட்டியா?" "ஓடுதுல்ல க்கா, ஓடட்டும்," என்றேன்.

கரண்ட் போன அன்று காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. பலகைகள் எதுவும் தரவில்லை. பத்து மணி சுமாருக்குக் கரண்ட் போய், மெஷின் பேட்டரியில் ஓடியது. மதியம் அக்காவின் மாத்திரை தீர்ந்திருந்ததால் அத்தான் மருந்துக்கடைக்குக் கிளம்பினார். கிளம்பும்முன் திரையைப் பார்த்தார். ஐம்பத்திரண்டுக்கு மேல். நிம்மதியாகப் போனார். சாலையில் சிக்னல் விளக்கு எதுவும் எரியாமல், மழையில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நின்றன. அவர் திரும்பி வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மெஷின் நின்று கிடந்தது. மூலையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அதன் திருகைத் திறக்க அக்காவின் கையில் பலம் இல்லை. முயன்றிருக்கிறாள். சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் கிடந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், எல்லாரும் முன்னறையில் இருந்தபோது நான் பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அன்றைக்கே சுவிட்சை அணைத்துவிட்டிருந்ததால் பேட்டரி நின்ற நிலையிலேயே இருந்தது; ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினைந்து செல்களிலும் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் இருந்தது. அன்று ராத்திரி வரைக்கும் அக்கா மூச்சு விட்டிருப்பாள். நான் மாட்டிய ஒன்று மட்டும் வறண்டு, மொத்த பேட்டரியையும் நிறுத்தியிருந்தது; மற்றவை சேர்ந்து திரையில் எண்ணை உயர்த்திக் காட்டியிருக்கின்றன. அது ஒருநாளும் நிறைந்ததே இல்லை. பெட்டியை மூடி, திருகுகளை இறுக்கிவிட்டுக் கை கழுவினேன். சொல்ல வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். சொந்தக்காரர்கள் எனக்கு இடம் விட்டு உட்கார வைத்தார்கள். தம்பிதான் பேட்டரி போட்டு இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தான் என்று ஓர் ஆன்டி என் தலையைத் தடவினார். கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தேன்.

அத்தான் மெலிந்துபோனார். யார் வந்தாலும் மருந்துக்கடைக்குப் போன கதையையே சொல்வார். மாத்திரை மறுநாள் வாங்கியிருக்கலாம், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், காரை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கலாம் என்று விதவிதமாகச் சொல்லித் தன்னையே அடித்துக்கொள்வார். நான் எதிரில் உட்கார்ந்து கேட்பேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"மச்சான், ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னைக்கு நான் கண்ணாடி போடாம திரைய பாத்தேன். நாப்பத்திரண்டு இருந்திருக்கும், நான் ஐம்பத்திரண்டுன்னு பாத்துட்டேனோ?"

நாற்பத்திரண்டுக்கு வருவதற்கு வெகு முன்பே பேட்டரி நின்றுபோயிருக்கும். அவர் பார்த்தது சரியான எண்தான். ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

"இருக்கலாம், அத்தான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து கண்ணாடியைக் கழற்றுவதில்லை. படுக்கும்போதும் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார்.