இடப்பக்கம் மட்டுமே திரும்பும் சுற்று

சாலைக்கு இந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, எதிர்ப்பக்கம் இருக்கும் கோயிலைப் பார்த்துக் கைகூப்பினால்… கோயிலுக்குப் போனதாக ஆகுமா?

இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோயிலுக்குப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, பதினேழு ஞாயிற்றுக்கிழமைகள் நான் சைக்கிள் ஓட்டப் போனேன். ஒருமுறைகூடக் கோயிலுக்குள் நுழையவில்லை.

என் மகளுக்கு இரண்டரை வயது. சென்ற ஆண்டு காய்ச்சலில் அவளுக்கு வலிப்பு வந்தது. சில பிள்ளைகளுக்கு இந்த வயதில் வரும், வளர வளர நின்றுவிடும் என்றார் டாக்டர். நம்பினேன். நம்பிக்கொண்டே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அத்தையும் டாக்டரை நம்பினார். கூடவே மாகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டார். வேண்டுதல் அவருடையது, நிறைவேற்ற வேண்டியவள் நான்.

“ஒம்போது ஞாயித்துக்கெழம நீ போயி, மூணு சுத்து சுத்தி வெளக்குப் போடோணும் கண்ணு. உம்பேருலதான் வேண்டீருக்கறேன்” என்றார்.

சரிங்க அத்தை என்றேன். மறுப்பு சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பிரசவத்துக்குப் பின் ஏறிய எடையைக் குறைக்க ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கி வைத்திருந்தேன். அதிலேயே போகிறேன் என்றதும் அத்தைக்கு மனம் நிறைந்துவிட்டது. ஸ்கூட்டரில் போவதைவிட மிதித்துப் போவதுதான் வேண்டுதலுக்கு மரியாதையாம். நான் திரும்பும்வரை பாப்பாவைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது!

பாப்பா பிறக்கும்வரை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருந்தேன். துணி எந்த நாள் சாயத்துக்குப் போக வேண்டும், எந்த நாள் தையலுக்கு வர வேண்டும், எந்த நாள் கப்பலேற வேண்டும் என்று திட்டம் போடுவதே வேலை. கால் மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய கோயிலுக்கு நான் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். மேடு இருக்கக் கூடாது. நாய்கள் கூடும் கறிக்கடை முக்கு கூடாது. பாதி வழியில் ஒரு டீக்கடை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கேயும் வலப்பக்கம் திரும்பக் கூடாது.

வலப்பக்கம் திரும்பினால் எதிரே வரும் லாரிகளுக்குக் குறுக்கே போக வேண்டும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாப்பாவுக்கு யார்? அதனால் இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி, வீட்டுக்கே வந்து சேரும் ஒரு சுற்று. ஐந்து திருப்பங்கள், பத்தொன்பது கிலோமீட்டர்.

எங்கள் சந்து முனையில் வலப்பக்கம் திரும்பினால் மூன்றாவது கிலோமீட்டரில் கோயில். நான் இடப்பக்கம் திரும்பி ஊரையே சுற்றிக்கொண்டு, வீடு திரும்பும் வழியில் கோயில் வருமாறு அமைத்தேன். பாதுகாப்புக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்… மூன்று கிலோமீட்டருக்குப் பதில் பத்தொன்பதா?

போனில் நான் வரைபடத்தை நகர்த்திக்கொண்டிருந்ததை என் கணவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, அம்மனக் கும்புடப் போறதுக்கு மேப்பு எதுக்கு? வழி மறந்துருச்சா?”

ரோடு தோண்டியிருக்கிறார்கள் என்றேன். அது முதல் பொய்.

முதல் ஞாயிறு உண்மையாகவே உள்ளே போகத்தான் நினைத்தேன். சைக்கிள் கூடையில் அத்தை கொடுத்தனுப்பிய அகல், திரி, நல்லெண்ணெய். ஆனால் அந்த வழியில் வரும்போது கோயில் சாலையின் வலப்பக்கம்! தேங்காய் லாரிகளும் பஸ்களும் ஓயவில்லை. நின்றேன், நின்றேன்… கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு சாலை காலியாகவே இருந்தது. அப்போதும் கடக்கவில்லை. ஏன்? தெரியவில்லை. இறங்கினால் அந்தக் காலைப்பொழுது கலைந்துவிடும் என்று தோன்றியது.

அந்தக் காலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லாவிட்டால் என் குற்றம் புரியாது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வழியில் வரும் அருள்புரத்தில் பனியன் கம்பெனி வேன்கள் ஓடுவதில்லை. பூட்டிய ஷட்டர்கள் முன்னால் வடநாட்டுப் பிள்ளைகள் பல் துலக்கியபடி போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது திருப்பத்தில் தறிச் சத்தம். அது தேய்ந்து மறையும் இடத்தில் கோழிப்பண்ணை. அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு வாய்க்கால் கரை. ஒருபுறம் தென்னை, மறுபுறம் கிளுவை வேலிக்குள் காங்கேயம் மாடுகள் தலை தூக்கிப் பார்க்கும். தண்ணீர் திறந்துவிட்ட வாரங்களில் வாய்க்கால் என்னோடு கூடவே வரும். தூரத்தில் காற்றாலைகள் அவசரமில்லாமல் சுற்றும். டீக்கடை அக்கா சர்க்கரை எவ்வளவு என்று என்னிடம் இப்போது கேட்பதே இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் யார் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் நான் திருடியது… நிம்மதியாகத் திருடினேன்!

ஏன் இவ்வளவு நேரம் என்று அத்தை கேட்டால், கூட்டமுங்க என்பேன். கடையில் வாங்கிய குங்குமத்தைத் தாளில் மடித்துக் கொடுப்பேன். அவர் கண்ணை மூடி முணுமுணுத்துப் பாப்பாவின் நெற்றியில் இடுவார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். செயின் கிறீச்சிட்ட ஒரு ஞாயிறு, விளக்கு எண்ணெயைச் செயினுக்கு ஊற்றினேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வாரம் முடிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். வாய் தானாகச் சொன்னது: “பூசாரி இன்னும் ஒம்போது வாரம் வரச் சொல்றாருங்க அத்தை.”

நான் முகம்கூடப் பார்த்திராத பூசாரி!

சென்ற மாதம் பாப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். இரண்டு நாளும் வலிப்பு வரவில்லை. டாக்டர் சொன்னது பலித்தது என்று நான் நினைத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லாம் என் கால் மிதித்த புண்ணியமாம். வரும் ஞாயிறு பதினெட்டாவது வாரம். குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

“அந்தப் பூசாரிக்கு ஒரு வேட்டி எடுக்கோணும் சாமி. இந்தக் காலத்துல யாரு நம்ம புள்ளைக்காக இப்பிடி மெனக்கெட்டுச் சொல்லுவாங்க?”

“வேட்டி எதுக்கும்மா? எக்ஸ்போர்ட் டீ-சர்ட் நாலு குடு, ஜம்முனு போட்டுக்குவாரு” என்றார் என் கணவர். அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன்.

வேட்டி வாங்கியாகிவிட்டது. பூஜை அலமாரியில் இருக்கிறது.

ஞாயிறன்று கார் சந்து முனையில் வலப்பக்கம் திரும்பும். அத்தை பூசாரியின் கையைப் பிடித்து நன்றி சொல்வார். அவர் என் முகத்தைப் பார்ப்பார், இது யார் என்று…

அதைக்கூடத் தாங்கிவிடுவேன். அடுத்த காய்ச்சலில் வலிப்பு வந்தால்? டாக்டர் பேச்சை நம்பும் நானே அப்போது என்னைத்தான் குற்றம் சொல்வேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

பாப்பாவின் பழைய பால்பவுடர் டின்னில் பதினேழு அகல் விளக்குகள் இருக்கின்றன. ஒன்றில்கூடக் கரி படவில்லை. பூசாரிக்கு முன்பாக, ஞாயிறுக்கு முன்பாக, அந்த டின்னை அத்தை முன் வைத்து நானே சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக எடுக்கிறேன். திரும்பவும் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் ஒரு மருமகளாக இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். ஓர் உதவி செய்யுங்கள். இனி அந்தச் சுற்றுக்குப் போகாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; அதை விட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. டின்னைத் திறந்து வைத்த பிறகு அத்தையிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் எது? அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். இன்று வியாழன்.