சார் ஊரில் இல்லை

நான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவன். தெலுங்கு சரளமாக வரும் என்பதால் ஒரு எம்.எல்.ஏ.விடம் உதவியாளராகச் சேர்ந்தேன். அவர் தொகுதி முழுக்கக் கிராமங்கள். முதல் முறை ஜெயித்தபோது பாதி நாள் அங்கேயே இருப்பார். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக் கூரை, பஸ் என்று அதிகாரிகளை நச்சரித்து வாங்கிக் கொடுப்பார். இரண்டாம் முறை ஜெயித்ததும் குடும்பத்தோடு ஹைதராபாத்தில் கொண்டாப்பூருக்கு வந்துவிட்டார். தொகுதிக்கு மாதம் ஒரு நடை என்றானது. கட்சிக்காரர்களும் காண்ட்ராக்டர்களும் நேரே உள்ளே போவார்கள். தொகுதியிலிருந்து வரும் ஊர்க்காரர்களிடம், சார் ஊரில் இல்லை என்பேன். அப்படிச் சொல்லும்படி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருமுறை ஊர்க்காரர்களைக் கண்டு அவர் முகம் சுளித்ததைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன்.

ஒரு அம்மா மூன்று தடவை வந்தார். அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை. மருமகளுக்கு ஏழாம் மாதம். இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவையும் அதையே சொல்லிக்கொண்டிருந்தபோது, காரில் ஏற எம்.எல்.ஏ. வெளியே வந்துவிட்டார்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எப்போது வந்தீர்கள் என்று எம்.எல்.ஏ. கேட்டார்.

"இப்புடே வச்சானு சார்," என்றார் அந்த அம்மா. இப்போதுதான் வந்தாராம். நான் உட்காரச் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

எம்.எல்.ஏ. நின்றபடியே அந்த அம்மா நீட்டிய மனுவைப் படித்தார். அங்கிருந்தே மாவட்ட சுகாதார அதிகாரிக்குப் போன் போட்டார். முதல் முறை ஜெயித்தபோது இருந்த பழைய ஆளாகத் தெரிந்தார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நான் வியந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"மனசா? நக்கோ, அதெல்லாம் இல்ல. உங்களைக் காட்டிக் கொடுத்தா அடுத்த தடவை வாசல்ல யாரு விடுவா? பயந்திருப்பாங்க."



சில வாரங்களில், வாரம் இரண்டு நாள் வரும்படி ஒரு டாக்டரைப் போட்டார்கள். மனுவில் இருந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். டாக்டர் வரும் கிழமைகளைச் சொன்னதும் அந்த அம்மா எனக்கு நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போதும் அங்கேதான் வேலை. வருகிறவர்களின் மனுக்களை உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன். எல்லாவற்றையும் அல்ல.