முடிவைச் சொல்லாதீங்க, வேன்ல ஆள் இருக்கு

கம்பெனி வேன் ஓட்டுகிறவனுக்குக் கண் ரோட்டில் இருக்கும், கை ஸ்டீயரிங்கில் இருக்கும், காது மட்டும் பின் சீட்டுக்காரர்களுக்குச் சொந்தம். எட்டு வருஷமாக மண்ணரையில் ஆள் ஏற்றி, டவுனுக்குள் புகுந்து, பல்லடம் ரோட்டில் அருள்புரத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் கொண்டுபோய் இறக்குகிறேன். மொத்தம் இருபத்திரண்டு பேர். காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம், சிக்னலில் மாட்டினால் இன்னும் கொஞ்சம். வேனில் இருந்த பாட்டு செட் ரிப்பேராகி மூணு வருஷம் ஆகிறது. சரி பண்ணுங்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. பேச்சே போதும் அவர்களுக்கு.

பேச்சு என்றால் சினிமா, சீரியல், செல்போனில் வரும் தொடர்கள். ஆசை ஆசையாகப் பார்க்க வைத்திருந்த படத்தின் முடிவை யாரோ போகிற போக்கில் போட்டு உடைக்க, சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் வெந்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். வாருங்கள், ஜன்னலோரமாக உட்காருங்கள்.

காலையிலேயே நடந்த சாவு

மல்லிகாக்கா ஓவர்லாக் டெய்லர். அவருடைய மகன் அவர் செல்போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். டிவியில் சாயங்காலம் வரும் சீரியல் அதில் விடியக்காலையிலேயே வந்துவிடும். அக்கா பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்து முடித்துவிட்டு, ஏழே காலுக்கு வேனில் ஏறுவார். ஒரு நாள் ஏறி உட்கார்ந்ததும், "ஏனுங்க, சங்கதி தெரியுமா? அந்த மாமனாரு போய்ச் சேந்துட்டாருங்க. நெஞ்சப் புடிச்சுட்டுச் சாஞ்சவருதான், எந்திரிக்கவே இல்ல" என்றார். நாலைந்து பேர் 'ஐயோ' என்றார்கள். மூணாவது சீட்டில் இருந்த வேலம்மாள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலம்மாளுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். செக்கிங் செக்‌ஷனில் நாள் முழுக்க நின்றுகொண்டே தைத்து வந்த பீஸில் குறை பார்க்கிறவர். ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். புருஷன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். சாயங்காலம் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிற அரை மணி நேரம்தான் அவருக்கென்று இருப்பது. அந்தக் கதையில் வரும் மாமனார் மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

மறுநாள் மல்லிகாக்கா ஏறியதும், "என்னங்க வேலம்மா, நேத்து நல்லா அழுதீங்களா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். வேலம்மாள் சத்தம் போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"எங்கிட்டுக்கா அழுக? நீங்கதான் காலையிலயே கொன்னுட்டீகளே. சாயந்தரம் அவரு நடந்து வாராரு, சிரிக்காரு, காப்பி குடிக்காரு, எனக்குப் பொணம் நடமாடுற மாதிரியில்ல இருந்துச்சு!"

நீதிபதி மாட்டிக்கொண்டார்

அன்று முழுக்க மல்லிகாக்காவின் முகம் சரியில்லை. சாயங்காலம் வேனில் ஏறியதும் அவரே ஒரு சட்டம் போட்டார். இனிமேல் யார் எந்தக் கதையை ஆரம்பித்தாலும், "பாக்காதவங்க இருக்கீங்களா?" என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு கை தூக்கினாலும் போதும், வாயை மூடிக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் எல்லோரையும் பார்க்க முடிகிற ஆள் நான் ஒருவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. எட்டு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

இரண்டு வாரம் நன்றாகத்தான் தீர்ப்புச் சொன்னேன். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிசயமாக நானே முதல் ஆளாக ஒரு படம் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை இருப்புக் கொள்ளவில்லை. கதையைச் சொல்லக் கூடாது, சரி. பாராட்டலாம் அல்லவா? "நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேனுங்க. ஆனா கடைசீல ஒரு ட்விஸ்ட் வரும் பாருங்க, ஒருத்தராலயும் கண்டுபுடிக்க முடியாது" என்றேன். கண்ணாடியில் பார்த்தால் பத்துப் பதினைந்து கைகள் மேலே நிற்கின்றன. மல்லிகாக்கா எழுந்து என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்ண்ணா, ட்விஸ்ட் இருக்குதுன்னு சொல்லிப்போட்டீங்க, இனி நாங்க படத்தப் பாப்பமா, ட்விஸ்ட்டத் தேடுவமா?"

பென்சிலால் எழுதிய மகராசன்

எனக்குப் பக்கத்து சீட்டு அந்தோணி அண்ணாச்சிக்கு. பேக்கிங் செக்‌ஷன் பொறுப்பாளர், திருச்செந்தூர் பக்கத்துக்காரர். சீரியல் சமாச்சாரத்தில் தலையிட மாட்டார். நூலகத்திலிருந்து துப்பறியும் நாவல் எடுத்து வந்து, வேன் எப்படிக் குலுங்கினாலும் படித்துக்கொண்டே வருவார். ஒரு நாள் முப்பதாம் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். யாரோ ஒரு ஆள் ஓரத்தில் பென்சிலால் 'கொலை செய்தது டாக்டர்தான்' என்று எழுதி வைத்திருக்கிறார். அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. "இந்தப் பயலுக்கெல்லாம் எவன் மெம்பர் கார்டு குடுக்கான்?" என்று பொருமினார். ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை. டாக்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் என்னிடம் படித்துக் காட்டி, "பாத்தீயளா, எப்படி நடிக்கான்னு!" என்பார்.

மூணாம் நாள் சாயங்காலம். வண்டி சிக்னலில் நிற்கிறது. பக்கத்து சீட்டிலிருந்து "யய்யா!" என்று ஒரு சத்தம். நான் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தேன், நின்ற வண்டியில். அந்த டாக்டரையே கொன்றுவிட்டார்களாம்! கடைசியில் கொலைகாரர் வேறு ஆள். அண்ணாச்சி புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார். அந்தப் பென்சில்காரர் யாரென்று தெரிந்தால் டீ வாங்கிக் கொடுப்பேன் என்றார். சரி, திருப்பிக் கொடுக்கும் முன்னால் அந்த எழுத்தை அழித்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"அழிக்கவா? நல்லா கேட்டீயளே! அடுத்து வாசிக்கப் போறவனும் நல்லா ஏமாறட்டும் டிரைவரே, என்ன ஒரு சொகம்!"

சத்தம் கதையான நாள்

தீபக் ஒடிசாக்காரர். பவர் டேபிள் மிஷினில் தைக்கும் டெய்லர், ஊரில் இரண்டு பிள்ளைகள். கதவோரக் கடைசி சீட்டில் உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருவார். வந்து ஒரு வருஷம் ஆகியும் 'சாப்பிட்டாச்சா', 'நூல் இல்லை', 'மிஷின் ரிப்பேர்' தவிர வேறு தமிழ் வாயில் வந்ததில்லை. அதனால் கை தூக்கும் சட்டத்தில் அவரை நாங்கள் ஒரு ஆளாகவே சேர்க்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, எல்லோரும் பார்த்துவிட்ட ஒரு படத்தைப் பற்றி தைரியமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். கதாநாயகனின் அண்ணன்தான் வில்லன் என்று யாரோ சொன்ன அந்த நொடியில், கடைசி சீட்டிலிருந்து, "அக்கா, வேண்டாம்! நான் நாளைக்குப் போறேன்!" என்று ஒரு அலறல். தீபக் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, நாங்கள் பேசிய தமிழ் அவருக்குப் புரிந்திருக்கிறது. வேலம்மாள் முதலில் கை தட்டினார், பிறகு வேனே கை தட்டியது. மல்லிகாக்கா போய், "மன்னிச்சுக்கோ கண்ணு, உன்னையும் கேட்டிருக்கோணும்" என்றார். தீபக் சிரித்தார். கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"ஒரு வருஷம் நீங்க பேசுறது எனக்கு சத்தம் மட்டும் அக்கா, இன்னைக்கு கதை ஆயிடுச்சு. படம் போச்சு, பரவாயில்ல!"

ஒன்பது நாள் விரதம்

என் வீட்டுக்காரி சாந்தாமணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கோயமுத்தூரில் ஒன்பது நாள் இருக்க வேண்டியதாகிவிட்டது. அவள் மூணு வருஷமாகப் பார்த்து வந்த சீரியல் சரியாக அவள் அங்கே சேர்ந்த அன்றைக்குத்தான் முடிந்தது. ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "ஏனுங்க, அந்தப் புள்ள அம்மாகூடச் சேந்தாளா இல்லையான்னு தெரியாமயே போயிருவனாட்ட இருக்குதுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாகப் பார்க்க வந்தார்கள். எல்லோரும் கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள், தக்காளியைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "சாந்தா, கடைசீல அந்தப் புள்ள..." என்று ஆரம்பிக்க, ஏழெட்டுக் கைகள் ஒரே நேரத்தில் மேலே போயின. அந்தம்மா பயந்து வந்த வழியே போய்விட்டார். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் சாந்தாமணி. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மல்லிகாக்கா தன்னுடைய செல்போனில் அந்த எபிசோடை எடுத்து, தலையணையில் சாய்த்து வைத்தார்.

"ஒம்பது நாளா வாயக் கட்டி வெச்சிருக்கறனுங்க, சீக்கிரம் பாத்துப்போடுங்க சாமி, இதுக்கு மேல எனக்குத் தாங்காது!"

சொல்ல வேண்டிய முடிவு

ஒரு பெரிய ஆர்டரை நேரத்துக்கு அனுப்பி முடித்த சந்தோஷத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு எல்லோரையும் கூட்டிப்போவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். குடும்பப் படம், குழந்தை நடித்திருக்கிறது, நல்லா சிரிக்கலாம் என்று போஸ்டர் பார்த்தவர்கள் சொன்னார்கள். எங்கள் வேனில் அதை ஏற்கனவே பார்த்திருந்தவர் மல்லிகாக்கா மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் அவர் அந்தோணி அண்ணாச்சியைப் பின்னால் அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணா, அந்தப் படத்துல அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வருதுங்க. ஆஸ்பத்திரியிலயே அரை மணி நேரம் ஓடுதுங்க" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடியில் ஜெயா தெரிந்தாள்.

ஜெயா தேனிப் பக்கத்துப் பொண்ணு. செக்கிங்கில் வேலை. போன ஆடியில் நாலு வயசு மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவள். அந்தப் படத்துக்கு வருகிறேன் என்று அவள் சொன்னதே எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதலாக இருந்தது. "சொன்னா வர மாட்டா. சொல்லாட்டி அங்க உக்காந்து என்ன ஆவாளோ? கை தூக்கச் சொல்லியுங் கேக்க முடியாதுங்களே" என்றார் மல்லிகாக்கா. ஒரு பேக்கரி முன்னால் வண்டியை ஓரம் கட்டி, டீ குடிக்கலாம் என்றேன். எல்லோரும் இறங்கினார்கள். வேனுக்கு அந்தப் பக்கம் ஜெயாவைக் கூட்டிப்போய், மல்லிகாக்கா முழுப் படத்தையும் சொன்னார். எந்தப் பாட்டு முடிந்ததும் ஆஸ்பத்திரி வரும், எப்போது எழுந்து வெளியே போகலாம், கடைசியில் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்பது வரைக்கும். ஜெயா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் டிரைவர் கதவோரம் நின்றிருந்தேன். என் டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் வந்தாள். நான் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன், படத்தைப் பார்த்ததாக நினைவில்லை. அந்தப் பாட்டு முடிந்தது. ஜெயா எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். வெளியே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, அந்த அரை மணி நேரத்தையும் முழுசாகப் பார்த்தாள். திரையில் குழந்தை கண் திறந்ததும் திரும்பி வந்து தன் சீட்டில் உட்கார்ந்தாள். வெளியே வந்த பிறகு மல்லிகாக்கா அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தார். "நான் சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஜெயா அவர் தோளில் கை போட்டாள்.

"நீங்க சொன்னதுனாலதான்க்கா நிக்க முடிஞ்சிச்சு. எம் புள்ளைக்கு முன்னாடியே சொல்லுறதுக்கு யாருமில்ல, இந்தப் புள்ளைக்காச்சும் நீங்க இருந்தீங்க."

எட்டு வருஷத்தில் முடிவு தெரியாமல் நான் பார்த்த படங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும் என்றாலும், வேறு ரூட் மாற்றித் தரட்டுமா என்று மேனேஜர் கேட்கும்போதெல்லாம் இதுவே இருக்கட்டுங்க என்றுதான் என் வாய் சொல்லித் தொலைக்கிறது.